நேராய்ப் பறந்தால் எட்டு மணித்தியாலம்

"புக்காரெஸ்ட்ல இருந்து கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஆறாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். பறக்கிற நேரம் எட்டு மணித்தியாலம்."

ஜீவராஜ் போனைப் பார்த்து இதை வாசித்தபோது, மாமியாரின் சாவு வீட்டில் நிற்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவன் ரிப்போட்டைக் காட்டுகிற முகம் அது. தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறவன். பிளேனை ஆகாயத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் போன் மட்டும் கையில் இருந்துவிட்டால் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற ஆம்பிளைகள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் ருமேனியாவிலிருந்து இலங்கைக்கு ஒரு நீலக்கோடு, மலையையும் கடலையும் மதிக்காமல் விறைப்பாக ஓடியது.

காம்பராவுக்குள், தாய் காளியாயியின் காலடியில் உட்கார்ந்திருந்த அவன் பெண்சாதி ரஜனிக்கும் அது கேட்டது. விடியப்புறம் உயிர் போனதிலிருந்து அவள் அழவில்லை. அழுகைக்கு முந்திக்கொண்டு வேறு ஏதோ வந்து நெஞ்சை அடைத்திருந்தது. இப்போது அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு மணித்தியாலம். எட்டே எட்டு மணித்தியாலமா?

தம்பி யோகேஸ்வரன் ருமேனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருசம் ஆகிறது. அவன் போன இடம் கண்காணாத தேசம் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவான், பாவம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, படுக்கையில் விழுந்த தாயை ஒண்டியாகத் தூக்கிக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மலைக்கும் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். போன மாசம் அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். இருட்டோடு கிளம்பி, டிரைவரைக் கெஞ்சிக் கொழுந்து லொறியில் ஏற்றி, டவுனில் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கி, மறுபடியும் அக்கரப்பத்தனைக்கு வந்து, அங்கிருந்து தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறி, வரிசைக் காம்பராக்களான லயத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் அவன் அங்கேயிருந்து இங்கே வந்து, அம்மாவைப் பார்த்து, ஒரு வாய் தேத்தண்ணியும் குடித்திருக்கலாம். வந்தானா?

இந்தக் காளியாயியும் லேசுப்பட்டவள் இல்லை. வாயில் சோற்றை வைத்தால், விழுங்குமுன்னே "தம்பி போன் கோல் எடுத்தானா?" என்பாள். மழையில் ஊறிப்போய் வந்து நிற்கிற மகளைப் பார்த்து, நீ தின்றாயா என்று ஒரு நாள் கேட்டதில்லை. போனில் அவன் முகம் தெரிந்தால் போதும், படுத்த படுக்கையாய்க் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கழுவித் துடைக்கிறவள் ஒருத்தி, கொஞ்சல் எல்லாம் போனில் பேசுகிறவனுக்கு. இதை நினைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"அப்ப எப்ப வந்து சேருவான்னு முடிவாச் சொல்லு ஜீவராஜ்" என்றார் தோட்டத் தலைவர் பொன்னையா. "சேதி சொல்ல ஆள் அனுப்பணும்ல."

பொன்னையா அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மேல் டிவிசனில் ஒரு சாவு விழுந்தால், எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தைச் சுமந்துகொண்டு ஆட்கள் ஹட்டன் பக்கமும் நுவரெலியா பக்கமும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். தோட்டத்து ஆபீசுக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும். அப்போதுதான் அன்றைக்கு மட்டும் மத்தியானத்தோடு ஆட்களை மலையிலிருந்து இறக்க மேனேஜர் தொரை சம்மதிப்பார். ஒரு சாவுக்கு ஒரு அரை நாள். நேரத்தை மாற்றினால் மறுநாள் அந்தச் சலுகை கிடையாது. அதனால் சொன்ன நேரம் சொன்னதுதான்.

"நாளைக்குக் காலையில பிளேன் ஏறுறேன்னு மச்சான் சொல்லிட்டான்" என்றான் ஜீவராஜ். "எட்டு மணித்தியாலம்னா நாளைக்குச் சாயந்தரம் கட்டுநாயக்காவுல எறங்கிருவான். அங்கேருந்து வான் வண்டி புடிச்சா வெள்ளிக்கெழம விடியிறதுக்குள்ள இங்க. இருந்தாலும் ஒரு அரை நாள் கூடவே வச்சுக்குவோம் தலைவரே. வெள்ளிக்கெழம ரெண்டு மணி."

அரை நாள் கூட வைத்ததில் அவனுக்கு அப்படியொரு திருப்தி. வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்று சேதி போயிற்று. தாய்க்குக் கொள்ளிக்குடம் உடைத்து முதல் மண் போட வேண்டியது இளைய மகன். காளியாயிக்கு மூத்ததும் இளையதும் அந்த ஒரே மகன்தான். "நான் வராம அம்மாவ எடுத்துறாதீங்கக்கா, அம்மா மொகத்த நான் பாக்கணும்" என்று அவன் போனில் குழறி அழுததை லயமே கேட்டிருந்தது. மலர்ச்சாலைக்காரர்கள் வந்து உடம்பு கெடாமல் மருந்து ஏற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ரஜனி அதற்கெல்லாம் குறுக்கே நிற்கவில்லை. வரட்டும் என்று இருந்தாள். வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, எல்லார் முன்னாலும், எட்டு மணித்தியாலம்தானேடா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டுதான் அவள் அந்த இரண்டு நாளும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

வியாழக்கிழமை சாயந்தரம் ஜீவராஜ் ட்ரான்ஸ்போமர் வளைவுக்குக் கிளம்பினான். லயத்தில் போன் நினைத்தபோதுதான் வேலை செய்யும், பனிப்புகார் இறங்கினால் அதுவும் கிடையாது. அப்போது பாதை திரும்புகிற அந்த வளைவில், ட்ரான்ஸ்போமர் தூணுக்குக் கீழே நின்றால்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். ரஜனியும் கூடப் போனாள். மாமன் முறையான அழகுமுத்துவும், தலைவர் பொன்னையாவும் பின்னாலேயே வந்தார்கள். கணக்குப்படி பிளேன் இறங்க வேண்டிய நேரம். புகார் இறங்கித் தேயிலை மலையை மூடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஜீவராஜின் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா! சொன்ன நேரத்துக்கு எறங்கிட்டான்."

ஸ்பீக்கரில் போட்டான். யோகேஸ்வரனின் குரல் விட்டு விட்டு வந்தது.

"மச்சான்... அக்கா இருக்காங்களா... நான் இப்ப பிராங்பேர்ட்ல நிக்கிறேன்... ஜேர்மனி... இங்கேருந்து..."

அறுந்துவிட்டது.

நாலு பேரும் போனையே பார்த்தார்கள்.

"ஜேர்மனியா?" என்றாள் ரஜனி.

ஜீவராஜ் அவசர அவசரமாகப் படத்தை எடுத்து விரித்தான். ருமேனியா இங்கே. இலங்கை கீழே, வலப்பக்கம். பிராங்பேர்ட் எங்கே என்று தேடி விரலை வைத்தான். அது மேலே, இடப்பக்கம், தலைகீழாக மறுபுறத்தில் கிடந்தது. நீலக்கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"இது என்ன கூத்து" என்றான். "நம்ம ஊருக்கு வர்றவன் கெழக்கால வரணும். துபாய், கட்டார்னு சொல்லியிருந்தாக்கூட சரி, அது வழியில இருக்கு. இவன் மேற்கால போயிருக்கான்."

அழகுமுத்து தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன? அவர் மகன் துஷாந்த் இதே ருமேனியாவுக்கு, இதே மாதிரிக் கட்டட வேலைக்குத்தான் போனான். ஒரு நாள் அங்கிருந்து நழுவி ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் ஒருத்தன் மட்டுமா? அக்கரப்பத்தனையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ருமேனியா போன பொடியன்களில் பாதிப் பேர் இப்போது ருமேனியாவில் இல்லை. இத்தாலி என்கிறார்கள், ஜேர்மனி என்கிறார்கள். தாய் தகப்பனுக்கே ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும்.

"பாஸ்போர்ட்ட கம்பனிக்காரன்தான் வச்சிருப்பான். சும்மா கேட்டா குடுக்க மாட்டான்" என்றார் அழகுமுத்து. "ஆத்தா செத்துப்போச்சுன்னா குடுத்துத்தானே ஆகணும்? பாஸ்போர்ட் கையில வந்துருச்சு. அப்புறம் என்ன, பறந்துட்டான்."

"அப்பிடிச் சொல்லாதீங்க அழகுமுத்து" என்று பொன்னையா இழுத்தார். "சுத்தி கித்தி வர்றானோ என்னமோ."

"கொழும்புக்குப் போறவன் எதிர்ப்பக்கம் நுவரெலியாவுக்கு ஏறி எறங்குவானா தலைவரே?"

அந்த நாலு பேரில் ஒருவரும் பிளேனில் கால் வைத்ததில்லை. பிளேனும் பஸ் மாதிரி, போகிற ஊருக்கு நேராகத்தான் போகும் என்று நினைத்ததில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கொழுந்து லொறிகூட அப்படித்தானே போகிறது?

ரஜனிக்கு மட்டும் போன மாசத்துப் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. "துஷாந்த் ஜேர்மனில நல்லா இருக்கானாம்க்கா" என்று தம்பி சொல்லியிருந்தான். சொன்ன குரலில் ஆசை இருந்தது. அப்போது அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவளுக்குத் தலைக்கு ஏறியது.

"பெத்தவ பொணத்தக் காட்டி ஊரு தாண்டியிருக்கான்" என்றாள். "அவ சாகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தானா? ஒரு நாள் வந்து பாத்திருப்பானா? இப்ப மட்டும் அம்மா வேணும், பாஸ்போர்ட் வாங்க!"

போன் மறுபடியும் அடித்தது. ஜீவராஜ் எடுக்கப் போனான். ரஜனி அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எடுக்காதீங்க."

"ஏய், என்னன்னு கேட்டுருவோமே..."

"என்னத்தக் கேக்கப் போறீங்க? நான் ஜேர்மனிக்குப் போயிட்டேன், அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணுங்கன்னு சொல்லுவான். அத நான் காதால கேக்கணுமா?"

அடித்துக்கொண்டே இருந்த போனை அப்படியே சுவிட்ச் ஓஃப் செய்தாள். சேலை மடிப்பில் சொருகிக்கொண்டாள். "இனிமே இது அடிக்கக் கூடாது. அடக்கம் முடியிற வரைக்கும் இது எங்கிட்டத்தான் இருக்கும்."

ஜீவராஜ் பொன்னையாவைப் பார்த்தான். பொன்னையா புகாரைப் பார்த்தார். பெண்டாட்டிக்கு இப்படிக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வதே உடம்புக்கு நல்லது என்பது ஜீவராஜின் பத்து வருச அனுபவம். வாயை மூடிக்கொண்டான்.

லயத்துக்குத் திரும்புமுன்னே கதை லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. யோகேஸ் ஜேர்மனிக்குப் போயிட்டானாம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் ஒப்பாரிக்குள்ளேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பெத்த மகன் வரலையே, பெட்டி சுமக்க ஆளில்லையே என்று அவர்கள் மாரில் அடித்தபோது, அடுப்படியில் நின்ற ரஜனி தேத்தண்ணிக் கேத்தலை நங்கென்று வைத்தாள். உள்ளுக்குள் கொதிப்பது கேத்தலா அவளா என்று தெரியவில்லை. இந்தத் தாய்க்கு மகள் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாதா? வந்தவர்கள் எல்லாரும் வராதவனைப் பற்றியே அழுகிறார்களே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பாதையோரமெல்லாம் சனம். நீர்மாலை எடுத்தாயிற்று. வாய்க்கரிசி போட்டாயிற்று. இரண்டு மணியும் ஆயிற்று.

பொன்னையா தூக்கச் சொல்லவில்லை. யாரிடமோ எதையோ பேசினார், குழி வெட்டப் போனவர்கள் வரட்டும் என்றார், ஊதுபத்தி வாங்கச் சொன்னார். மனுசன் நேரம் கடத்துகிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குழிக்குள் தண்ணி இறங்கினால் பிறகு பெட்டியை வைக்க முடியாது. மலையிலிருந்து இறங்கி வந்த ஆட்கள் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

மூன்று மணிக்கு ரஜனி இஸ்தோப்புக்கு வந்தாள்.

"யாருக்காகத் தலைவரே நிக்கிறீங்க?"

"இல்லம்மா, ஒரு மனசு கேக்கல. இருட்டுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் பாத்துட்டு..."

"அஞ்சு மணிக்கு எவன் வருவான்? ஜேர்மனில இருந்து வருவானா? நேத்துச் சாயந்தரம் எறங்க வேண்டியவன். ஒரு ராத்திரி போயி ஒரு பகலும் போச்சு. எட்டு மணித்தியாலம் தலைவரே, எட்டு மணித்தியாலம்! நடந்து வந்திருந்தாக்கூட வந்திருப்பான்!"

நடந்து வந்தால் எத்தனை மாசம் ஆகும் என்று சொல்ல ஜீவராஜுக்கு வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"நான் அவளுக்குப் பொறந்தவதானே?" ரஜனி தலைவரைப் பார்த்துத்தான் கத்தினாள். ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "பீ மூத்திரம் அள்ளினப்ப ஒருத்தரும் எளைய மகன் எங்கன்னு கேக்கல. இப்ப மட்டும் எளைய மகன் வேணும். நான் சொல்றேன், எடுங்க. மகன் எடத்துல மருமகன் கொடம் ஒடைக்கட்டும். எடுங்க!"

பொன்னையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கடைசியா மொகம் பாக்கிறவங்க பாத்துக்கங்க" என்று குரல் கொடுத்தார்.

இந்தத் தோட்டங்களில் பொம்பிளைகள் குழிக்குப் போகிற வழக்கம் இல்லை. வாசலில் பெட்டி மூடுமுன்னே பார்ப்பதுதான் அவர்களுக்குக் கடைசி. ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள், கன்னத்தைத் தொட்டார்கள், கதறினார்கள். அழகுமுத்துவின் பெண்சாதி வந்து ரஜனியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா புள்ள. பாத்துக்க. இதோட போச்சு."

ரஜனி கையை உதறினாள். இஸ்தோப்பின் ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, கீழே வளைந்து வளைந்து போகிற தோட்டத்துப் பாதையைப் பார்த்தபடி நின்றாள். பாதை வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்து அவள் திட்டினாள். நாசமாய்ப் போவான், உருப்படுவானா, இவன் கண்ணுக்கு முன்னால் இவன் பிள்ளைகள் இப்படிச் செய்யும் என்று என்னென்னவோ வாயில் வந்தது.

"நான் தெனமும் பாத்த மொகந்தான்" என்றாள் திரும்பாமல். "மூடுங்க."

மூடினார்கள். தூக்கினார்கள். தப்புச் சத்தம் லயத்தைச் சுற்றி, கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போய் மெல்ல அடங்கியது.

பொம்பிளைகள் வீட்டைக் கழுவினார்கள். ரஜனி தானே வாளி வாளியாய் ஊற்றித் தென்னம்விளக்குமாறால் தேய்த்துத் தள்ளினாள். தரையில் அவளுக்கு என்ன பகையோ, அப்படித் தேய்த்தாள். தலை முழுகி ஈரச்சேலையோடு அவள் வாசலுக்கு வந்தபோது, கீழே பாதையில் ஒரு த்ரீவீல் திணறிக்கொண்டு ஏறி வந்தது.

பாதிச் சரிவில் அது நின்றுவிட்டது. அந்தப் பாதையைத் தோட்டம் எப்போது செப்பனிட்டதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். பள்ளத்தில் சில்லு சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒருத்தன் குதித்தான். தடித்த ஜக்கெட், முதுகில் பை, காலில் பூட்ஸ். காசைக் கொடுத்தானோ இல்லையோ, படிக்கட்டை விட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கே விழுந்து ஓடி வந்தான்.

ரஜனிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. யாரென்று தெரிந்தது. தெரிந்ததை நம்ப முடியவில்லை. நம்புமுன்னே வாய் முந்திக்கொண்டது.

"எங்கடா போயிட்டு வர்ற? ஜேர்மனில எடம் குடுக்கலையா?"

யோகேஸ்வரன் வாசலுக்கு வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், தரையைப் பார்த்தான். இஸ்தோப்பு முழுவதும் ஈரம். படியில் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. சாவு வீட்டை எப்போது கழுவுவார்கள் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

"எடுத்தாச்சா?" என்றான்.

அவன் அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்தான்.

"நேரா வர்ற பிளேன் கெடையாதுக்கா" என்றான், தரையைப் பார்த்தபடியே. "நம்ம ஊருக்கு அங்கேருந்து நேரா ஒண்ணுமே பறக்காது. ஒடனே கெடச்ச டிக்கட் இது ஒண்ணுதான். பிராங்பேர்ட் போயி, அங்க சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்திருந்து, அப்புறம் கட்டார் வந்து, அங்கேயும் ஒக்காந்திருந்து... இன்னைக்குக் காலையிலதான் கட்டுநாயக்காவுல எறங்கினேன். பொல்பிட்டியப் பக்கம் மண்ணு சரிஞ்சு ஒரு பக்கமாத்தான் வண்டி விட்டாங்க. எறங்கினதுல இருந்து மச்சானுக்கு அடிக்கிறேன். வர வழியெல்லாம் அடிச்சேன். அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன், கொஞ்சம் வச்சிருங்கன்னு சொல்லத்தான். போன் வேலையே செய்யல. வேற யாரு நம்பரும் எங்கிட்ட இல்ல."

போன் ரஜனியின் ஈரச்சேலை மடிப்பில் இருந்தது. தலை முழுகும்போதுகூட அவள் அதை எடுக்க மறந்திருந்தாள்.

குழிக்குப் போனவர்கள் அப்போதுதான் தோட்டத்துப் பீலித் தண்ணியில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்த ஜீவராஜ் மச்சானைக் கண்டதும் நின்றான். முகம் செத்துப்போயிற்று.

"மச்சான்... அந்த பேஜ்ல எட்டு மணித்தியாலம்னுதான்டா போட்டிருந்துச்சு. நான் அரை நாள் கூட வச்சேன்..."

"இன்னும் ஒருக்கா அந்த எட்டு மணித்தியாலத்தச் சொன்னீங்க!" ரஜனி மடியிலிருந்து போனை உருவி அவன் காலடியில் எறிந்தாள். அது ஈரத்தில் சறுக்கிச் சுவரில் போய் முட்டியது. "பிளேன் ஓடுதா இல்லையான்னு பாக்காம கோடு போட்டவன் எவன்? அத நம்பி எழவுக்கு நேரம் குறிச்சவன் எவன்?" அழகுமுத்துவின் பக்கம் திரும்பினாள். "நீங்க? மகன் பறந்துட்டான்னு சொன்னீங்களே மாமா?" அழகுமுத்து ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். துண்டில் பிழிய ஒரு சொட்டும் மிச்சமில்லை. எல்லாரையும் திட்டி முடித்தபிறகு திட்ட ஒரே ஒருத்திதான் பாக்கி இருந்தாள். அவளை எப்படித் திட்டுவது என்று ரஜனிக்குத் தெரியவில்லை.

பொன்னையா தன் போனை எடுத்துக்கொண்டு வந்து யோகேஸ்வரனின் தோளைத் தொட்டார். "தம்பி, பெட்டி மூடுறதுக்கு முந்தி ஒரு படம் எடுத்தேன்..."

"வேணாம் தலைவரே." அவன் கையால் தள்ளினான். "போன்ல பாத்துப் பாத்துத்தான் மூணு வருசம் போச்சு. போன்ல பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

பிறகு தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். சண்டை பிடித்திருப்பாள்.

"அக்கா, நீதானே கூட இருந்த. நீ சொல்லு. கடைசியா அம்மா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

ரஜனி சொல்லத்தான் பார்த்தாள். சோறு வேண்டாம் என்று திருப்பிக்கொண்ட முகம் வந்தது. கிளினிக் பெஞ்சில் தூங்கி வழிந்த முகம் வந்தது. போனில் இவனைக் கண்டதும் மலர்ந்த முகம் வந்தது. இன்றைக்கு, சந்தனம் பூசி, நெற்றியில் காசு வைத்து, பெட்டிக்குள் கிடந்த முகம் மட்டும் எங்கே தேடியும் வரவில்லை. வந்ததெல்லாம் வளைந்து வளைந்து போகிற வெறும் பாதைதான்.

"எனக்கு எப்பிடிடா தெரியும்?" அவள் அலறினாள். லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. "மூடும்போது நான் பாக்கலடா! ஒன்னத் திட்டிக்கிட்டே, நீ வர்றியா வர்றியான்னு அந்த ரோட்டத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்!"